கைலி நனைந்த நாளில் நடந்த செல்கள்

மீன் செதிலில் இருந்து கழன்று வந்த ஒரு செல் நடக்கவில்லை என்பதற்காக, ஒரு வாரம் முழுக்கத் தலையில் எண்ணெய் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தவள் நான். பின்வரிசையில் இருந்த பெண்கள் எங்கள் வீட்டில் சாவு விழுந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டார்கள். மறுநாள் போதகர் வீட்டுக்கு வந்து நீளமாக ஜெபித்தார். ஜெபம் முடிந்து காப்பியும் குடித்த பிறகுதான், யார் இறந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

போன மாதம், நான் ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்ன விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வந்த கருவியைக் காட்டினார்கள். செல் ஊர்ந்து போவதை அதுவே படம் பிடிக்கிறது, அதுவே பின்தொடர்கிறது, எவ்வளவு வேகத்தில் போனது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் நின்ற பெண், "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி ஆன்ட்டி செஞ்சீங்க?" என்று கேட்டாள். "எண்ணெய் தேய்க்காம செஞ்சோம் மக்கா" என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் தங்கபாய். விலங்கியல் படித்தவள். படித்து முடித்து நாலு வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் லீவு போட்ட ஆசிரியைகளுக்குப் பதிலாகப் பாடம் எடுத்தேன். பிறகு நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. ஆறு மாதப் பயிற்சி. அந்த ஆறு மாதமும் நுண்ணோக்கியில் வைக்கும் மெல்லிய கண்ணாடிச் சில்லு கழுவினேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். கட்டடம் எழும்பும்வரை நுண்ணோக்கியை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் தலைவர் பரமேஸ்வரன் சார், பாறசாலைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த தன் குடும்ப வீட்டைத் தற்காலிகமாகத் திறந்து கொடுத்தார். தற்காலிகம் ஆறு வருடம் நீடித்தது. அஸ்திவாரக் குழியில் யாரோ வாழை வைத்து, அது குலையும் தள்ளியது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் வீடு அங்கிருந்து நடந்து போகும் தூரம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வரலாம்.

நுண்ணோக்கி ஆடக்கூடாது. அதற்காக நான்கு ஸ்கூட்டர் டியூப்பில் காற்று அடித்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஒரு கருங்கல் பலகையை ஏற்றி, அதன்மேல் கருவியை வைத்திருந்தோம். வாரம் ஒருமுறை ஜங்ஷனில் இருந்து சைக்கிள் கடைக்காரர் பம்போடு வந்து காற்று பார்த்துவிட்டுப் போவார். தேங்காய் விழுந்தால் படம் அதிர்கிறது என்று முற்றத்துத் தென்னைகளில் பிஞ்சு வெள்ளைக்காய்கூட விடாமல் வெட்டிப் போடச் சொன்னார் சார். மரம் ஏறினவர் அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் கோபப்படும் இடத்தில் அவர் "நோக்கட்டே" என்பார். மலையாளத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். கூரை ஒழுகுகிறது சார் என்றாலும் நோக்கட்டே, அடுக்களையில் பாம்பு சார் என்றாலும் நோக்கட்டே. அவர் உண்மையாகவே பார்ப்பார் என்பதுதான் எங்களுக்குத் தொந்தரவு. கூரை ஒழுகியபோது எல்லா ஓடுகளையும் மாற்ற விடவில்லை. ஒரே ஓர் ஓடு மாற்றிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பார். ஒழுகினால் இன்னொரு ஓடு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் காரணம் தெரியும் என்பார். அந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் காரணம் தேடிக்கொண்டு நனைந்தோம்.

இனி வேலை. உயிரோடு இருக்கும் ஜிலேபிக் கெண்டையை ஈரத்துணியில் சுற்றி இடது கையில் பிடிக்க வேண்டும். செவுளுக்குப் பின்னால், விலாவில், கூரான இடுக்கியால் ஒரே ஒரு செதிலைப் பிடித்து, மீனின் வால் பக்கமாக இழுக்க வேண்டும். மேல்பக்கமாக இழுத்தால் தோல் கிழியும். செதிலை உப்புக் கரைசலில் மூன்று தடவை அலசி, கண்ணாடிச் சில்லின்மேல் படுக்கவைத்து, இன்னொரு சில்லால் மூடி, ஈரப் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில் செதிலின் ஓரத்தில் இருந்து தோல் செல்கள் கூட்டமாகப் புறப்பட்டு வெளியே வந்திருக்கும். கூட்டத்தை விட்டு ஒன்றிரண்டு தனியாக நடக்கும். அந்தத் தனி ஆட்கள்தான் எங்களுக்கு வேண்டும். பார்க்க அரைவட்டமாக, கொழுக்கட்டை மாதிரி இருக்கும். வளைந்த பக்கம் முன்னால்.

நுண்ணோக்கியில் தெரிவது ஒரு டிவியில் வரும். டிவி கண்ணாடியின்மேல் ஒளி ஊடுருவும் தாளை ஒட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை செல்லின் வெளிக்கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் வரைவேன். பிறகு அளவுகோல் வைத்து அளப்பேன். அந்த வட்டாரத்தில் அவ்வளவு பெரிய டிவி வேறு யாரிடமும் இல்லை. கிரிக்கெட் நாட்களில் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்று, ஒரு கொழுக்கட்டை மெதுவாக இடமிருந்து வலம் போவதைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

செல் எப்படி நடக்கிறது என்று அவர்கள் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு, பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வின் உட்பக்கத்தில் ஒரு விசேஷக் கொழுப்பு உண்டு. சார் அதை 'பிப்' என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுவார். பிப் எங்கே கூடுகிறதோ, அங்கே சில புரதங்கள் வந்து சேரும். அவை வந்த இடத்தில் ஆக்டின் என்ற இழை நீண்டு வளரும். வளர்கிற இழை சவ்வை உள்ளிருந்து உந்தும். செல் முன்னே போகும். சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ரால்தான் பிப்பைச் சிதறவிடாமல் ஓரிடத்தில் வைத்திருக்கிறது என்பது சாரின் எண்ணம். அதை நிரூபிப்பது ஷைலஜாவின் வேலை. ஷைலஜா சாரின் ஆராய்ச்சி மாணவி, நெய்யாற்றின்கரையில் இருந்து பஸ்ஸில் வருவாள். என்னைச் சேச்சி என்பாள். சவ்வின் கொழுப்பை மாற்றினால் செல்லின் வேகம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆய்வேடு. அதற்கு, ஒன்றும் செய்யாமல் சும்மா விட்ட செல் ஒழுங்காக நடக்க வேண்டும். சும்மா விட்டதே நடக்காவிட்டால் எதோடு எதை ஒப்பிடுவது?

ஒரு தை மாதத்தில் அதுதான் நடந்தது. சும்மா விட்ட செல்கள் நின்றுவிட்டன. எல்லா நாளும் அல்ல. இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் செதிலின் ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்திருக்கும். மறுபடி ஒரு நாள் ஒன்றுமே நடக்காதது போல நடக்கும். ஷைலஜா தண்ணீரை மாற்றினாள், உப்பை மாற்றினாள், அழுதாள்.

சார் நோக்கட்டே என்றார். மறுநாள் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. செதிலைத் தொடுவது நான் மட்டும்தான். ஆகவே என்னிடம் இருந்து ஏதோ கொழுப்போ வேறொன்றோ சில்லுக்குப் போகிறது என்று அவர் யோசித்திருந்தார். யோசனை தவறில்லை. பட்டியலில் முதலாவது, தலைக்குத் தேங்காய் எண்ணெய். இரண்டாவது, முகப் பவுடர். மூன்றாவது, மஞ்சள். நான்காவது, மத்தியானம் மீன்கறி. ஐந்தாவது, கண்ணாடி வளையல். ஆறாவது, வேலை செய்யும்போது கீர்த்தனை முனகுவது. ஒரு சமயத்தில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். எண்ணெய் வாரம் முடிந்ததும் எண்ணெய் வைக்கலாம், ஆனால் பவுடர் கூடாது.

ஏழாவது இடத்தில் என் பெயர் இருந்தது. 'தங்கபாய்' என்று மட்டும்.

"அது என்ன சார்?" என்று கேட்டேன்.

"அந்த வாரம் நகரத்துல இருந்து வேற ஒரு ஆள் வந்து செதில் எடுக்கும். தங்கபாயி வீட்டுல இரிக்கணும்" என்றார். "செல் நடந்நால் பின்னே நமக்கு வேற வழியில்ல" என்றும் சொன்னார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஓடு மாற்றும்போது இருந்த அதே முகம்தான்.

என் வேலை வருடாவருடம் புதுப்பிக்கும் வேலை. எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருவது என் சம்பளம் மட்டும். அதைவிட, என் கையைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. என்னைப் போலச் செதில் எடுக்க அந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் கிடையாது. அந்தக் கைதான் குற்றவாளி என்று கதவில் எழுதி ஒட்டியிருந்ததை ஆறு வாரம் தினமும் படித்துக்கொண்டு உள்ளே போனேன். அவமானமாக இருந்தது.

ஐந்தாம் வாரம், வளையல் இல்லாத கையோடு மத்தியானம் வீட்டுக்குப் போனேன். மீன் பிடித்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெயர் தாசையன். கல் உடைக்கும் வேலைக்கு எப்போதாவது போவார். நான் சொல்லித்தான் சார் மீன் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார். காலையில் ஓடையில் இறங்கி, கைவலை போட்டு, இரண்டு மீனை வாளித் தண்ணீரில் உயிரோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்குக் காலையில் அவர் ஓடைக்கு உடுத்திப் போன கைலி கொடியில் கிடந்தது. மழை வரும் போலிருந்ததால் எடுக்கப் போனேன். காய்ந்திருந்தது. வெயிலில் காய்ந்த சூடு இல்லை. நனையவே இல்லாத துணியின் மடிப்பு அப்படியே இருந்தது. ஓடையில் இடுப்பளவு இறங்கின ஆளின் கைலி எப்படி நனையாமல் இருக்கும்?

மறுநாள் செல் நடக்கவில்லை.

அன்றில் இருந்து வேலைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டேன். ஒரு பக்கம் கைலி, ஒரு பக்கம் செல். நனைந்தது, நடந்தது. நனையவில்லை, நடக்கவில்லை. நனைந்தது, நடந்தது. பத்து நாள் பிசகே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான முடிவை வேறு எந்தச் சோதனையிலும் நான் பார்த்ததில்லை.

பதினோராம் நாள் அவர் என்னைப் பிடித்துவிட்டார்.

"எட்டி, எனக்க கைலிய என்னத்துக்குப் பிடிச்சு மணத்திப் பாக்குதா?"

"நனைஞ்சிருக்கான்னு பாக்குதேன்."

"நனையலேன்னா என்னவாம்?"

"எனக்க ஜோலி போவும்."

அவர் கைலியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு திட்டத் தொடங்கினார், பிறகு நிறுத்தினார், பிறகு சொன்னார். ஜங்ஷனில் டீக்கடைக்குப் பின்னால் காலை பத்து மணிக்கு 'இருபத்தெட்டு' என்ற சீட்டாட்டம் தொடங்கும். முதல் கை போடாவிட்டால் அன்றைக்கு முழுவதும் வெளியே நிற்க வேண்டியதுதான். வலை போட்டு மீன் பிடிக்க நேரம் ஆகிறது. ஆகவே நேரம் நெருக்கும் நாட்களில், ஓடையில் ஒரு மடையை மண்ணால் அடைத்து, காரக்காயை இடித்துத் துணியில் கட்டி அந்தத் தண்ணீரில் கலக்கிவிடுவார். சோப்பு போல நுரைக்கும். மீன் மயங்கி மேலே வரும். கரையில் நின்றபடியே குனிந்து எடுத்துவிடலாம்.

"நஞ்சு கலக்குனீயளா?"

"நஞ்சுண்ணு சொல்லாத. காரக்காய் ஆக்கும். சாவாது, மயங்கும், அம்புடுதான். வேற வெள்ளத்துல விட்டா எழும்பி நீந்தும். உங்க சாரு உயிருள்ள மீன் வேணும்னுதானே சொன்னாரு? நீந்துதுல்லா?"

வேறு தண்ணீரில் விட்டதும் நீந்தியது உண்மை. எங்கள் பக்கத்தில் ஓடையில் காய் கலக்கி மீன் பிடிக்காத ஆணைப் பார்ப்பது அரிது. அவருக்கு அது தவறாகவே படவில்லை. காரக்காயில் நுரைப்பது எதுவோ அது சவ்வில் இருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்று எனக்கே படித்துத்தான் தெரியும்.

ஏழாவது வாரத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. புது ஆள் வந்து செதில் எடுக்கும் வாரத்திலும் மீன் கொடுக்கப் போவது இவர்தான். இவரை ஏழு நாளும் சீட்டு விளையாட அனுப்பினால் போதும். ஒரு செல்லும் நடக்காது. என் கைமேல் பழி இல்லை என்று ஆகிவிடும். வீட்டுக்காரரைச் சீட்டாடப் போங்கள் என்று கெஞ்சி அனுப்பும் முதல் மனைவி நானாக இருந்திருப்பேன். ஒரு நாள் முழுவதும் அந்த எண்ணத்தோடு நடந்தேன், அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

மறுநாள் ஷைலஜா, ஒன்றரை வருடமாக நான் வரைந்த தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தைக்கு முந்தின தாள்களிலும் எது நல்ல நாள், எது கெட்ட நாள் என்று பிரிக்க முடியாமல் மொத்தத்தையும் தூரப்போட முடிவு செய்திருந்தாள். "சேச்சி, இதுல எதையும் விசுவசிக்கான் ஒக்குல்ல" என்றாள். நம்ப முடியவில்லை என்று அவள் சொன்னது என் கோடுகளை. அதை என்னால் தாங்க முடியவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, காய், சீட்டு, கைலி. சார் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவாரோ, என்னைப் போகச் சொல்வாரோ என்று நின்றேன்.

"கைலி எத்ர நாள் நோக்கியது?" என்று கேட்டார்.

"பதினோரு நாள் சார்."

"போரா. முப்பது வேணும்" என்றார். "ஓர்மையில இருந்து எழுதினதா, பார்த்து எழுதினதா?"

பார்த்துத்தான் என்றேன். உட்காரச் சொல்லி, கட்டம் போட்ட தாளைக் கொடுத்து வரைபடம் வரையச் சொன்னார். கிடைக்கோட்டில் கைலி, நெடுக்கோட்டில் செல்லின் வேகம். 'நனைந்தது' என்பதற்கு அளவு வேண்டாமா என்று அவர் கேட்டபோது, முழங்கால்வரை, இடுப்புவரை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நான் பதில் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது எங்கள் இருவருக்கும் முற்றிலும் நியாயமாகவே பட்டது. பிறகு அவர் எழுந்து போய்க் கதவில் இருந்த பட்டியலைக் கிழித்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரை வரச் சொன்னார். அவர் கேஸ் ஆகப்போகிறது என்று பயந்து, சீட்டுக் கூட்டாளிகள் மூன்று பேரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நால்வரும் குளித்து, வெள்ளை உடுத்து, முற்றத்தில் வரிசையாக நின்றார்கள்.

"காய் எவ்வளவு இடும்?" என்று சார் கேட்டார்.

"ஒரு பிடி சார்."

"பிடிச்சு காட்டணும்."

ஒரு முறத்தில் இடித்த காயைக் கொடுத்து, பிடிக்கச் சொல்லி, தராசில் நிறுத்தார். மறுபடி பிடி, மறுபடி நிறுவை. இருபது தடவை. நடுவில் ஒரு கூட்டாளி, "சார், இவன் சீட்டுல தோத்த மறுநாள் பிடி பெருசா இருக்கும்" என்றார். சார் அதையும் எழுதிக்கொண்டார்.

வலை போட்டுப் பிடித்த மீனில் இருந்து நான் செதில் எடுத்தேன். மறுநாள் செல்கள் நன்றாக நடந்தன. நடந்துகொண்டிருக்கும்போதே, மிக நீர்த்த காரக்காய்ச் சாற்றை அவற்றின்மேல் ஒரு துளி விட்டாள் ஷைலஜா. டிவியில் கொழுக்கட்டையின் முன்விளிம்பு முதலில் தயங்கியது, பிறகு சுருங்கியது, பிறகு செல் நின்றது. சாற்றைக் கழுவிவிட்டுக் கொலஸ்ட்ராலைத் திரும்பக் கொடுத்தாள். நாங்கள் டிவியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரு செல், ஒன்றே ஒன்று, முன்விளிம்பை நீட்டி நடக்கத் தொடங்கியது. சார் "நோக்கட்டே" என்றார். ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுக்காரர், "பாத்தியாலே, நம்ம காய் ஆக்கும்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷைலஜாவின் ஆய்வேட்டில் அதுதான் சிறந்த அத்தியாயம் ஆனது. என் வேலையும் நிலைத்தது. ஆய்வேடு தட்டச்சு ஆகி வந்தபோது நன்றி சொல்லும் பக்கத்தைத் திறந்தேன். சாருக்கு நன்றி, கல்லூரிக்கு நன்றி, தாவர அறிவை வழங்கிய டாக்டர் தாசையனுக்கு நன்றி. எல்லாப் பெயருக்கும் முன்னால் டாக்டர் போட்டுப் பழகின தட்டச்சுக்காரர் அவருக்கும் போட்டிருந்தார். என் பெயர் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

"சேச்சி நம்ம சொந்தம் ஆளல்லே?" என்றாள் ஷைலஜா. "நன்றி சொன்னா அந்நியமாயிப் போவும்னு நினைச்சேன்." அவள் பொய் சொல்லவில்லை, எனக்கு அது தெரியும். ஆனாலும் வருத்தமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வடக்கே இருந்து ஒரு பெரியவர் வந்தார். செல் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதால் தேர்வை அந்த வீட்டிலேயே வைத்தார்கள். செல்கள் நடந்தன. பெரியவர் டிவியை விட்டு நகரவே இல்லை. பிறகு, செதில் எடுப்பதையும் பார்க்க வேண்டும் என்றார். நான் ஈரத்துணியில் மீனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, ஒரு செதிலை எடுத்துக் காட்டினேன். இவ்வளவு சுத்தமாக யாரும் எடுத்துத் தான் பார்த்ததில்லை என்று அவர் ஆங்கிலத்தில் சாரிடம் சொன்னார்.

அதன் பிறகு ஆய்வேட்டைப் புரட்டி, "டாக்டர் தாசையன் யார், வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். சார் கொஞ்சம் திகைத்துவிட்டு வாசலைக் காட்டினார். என் வீட்டுக்காரர் சலவை வேட்டியோடு உள்ளே வந்தார். பெரியவர் எழுந்து போய், அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஷைலஜாவும் தட்டினாள்.

பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பினார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மீன் துள்ளத் தொடங்கியிருந்ததால் இடுக்கியை வைத்துவிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். விட்டால் கருங்கல் பலகையின்மேல் போய் விழும், நுண்ணோக்கி ஆடும், செல் கலைந்துவிடும். நான் கையை எடுக்கவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்.